மிக்ஸின் படிக்கும் மாணவர் எதில் நேரம் செலவிட வேண்டும்?

பைத்தான் நிரல் மொழியில் கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் வார்ப்பு), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் தன் தாய் கிளாஸின் செயல்பாடுகளைப் பெறுவது) வரை படித்து முடித்துவிட்டதாகவும், பல கிளாஸ்களில் சேர்க்கக்கூடிய செயல்பாட்டுத் துண்டான மிக்ஸின் என்ற இடத்துக்கு வந்ததும் தடுமாறுவதாகவும், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இதைப் படித்தே ஆக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். முதல் வேலையில் சேருபவரிடம் பெரும்பாலும், பிறர் எழுதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிளாஸ்களில் ஒரு வசதியைக் கூடுதலாகச் சேர்க்கத்தான் சொல்வார்கள். அந்த வேலையில் மிக்ஸின் அடிக்கடி எதிர்ப்படும்.

மாணவர், ரசீது, நூல் என்ற மூன்று கிளாஸ்களுக்கும் தம் தகவலை ஜேசன் என்ற உரை வடிவில் தரும் ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் எழுதப்படும் செயல்பாடு) வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக மூன்றுக்கும் பொதுவாக ஒரு தாய் கிளாஸை உருவாக்கினால், இல்லாத உறவை நாமே கற்பித்ததாகிவிடும். அந்த ஒரு செயல்பாட்டை மட்டும் தனியே எழுதி, தேவைப்படும் கிளாஸ்களில் சேர்த்துக்கொள்வதே மிக்ஸின். அதைக் கொண்டு நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்குவதில்லை. இன்னொரு கிளாஸோடு சேரும்போதுதான் அதற்குப் பயன் உண்டு. ஒரு கிளாஸுக்கு ஒரே தாய் கிளாஸை மட்டும் அனுமதிக்கும் ரூபி மொழியில் இந்த வேலையை மாட்யூல் எனப்படும் மெத்தடுகளின் தொகுப்பு செய்கிறது. உங்கள் கிளாஸில் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் 'ஈச்' என்ற ஒரு மெத்தடை எழுதிவிட்டு 'எனுமரபிள்' மாட்யூலைச் சேர்த்தால், தேடுதல், வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல் போன்ற பல மெத்தடுகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. நன்றாக எழுதப்பட்ட மிக்ஸின் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் கிளாஸிடம் மிகக் குறைவாகவே எதிர்பார்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வரையறையை ஒரு நாளில் படித்துவிடலாம். உங்கள் நேரம் செல்ல வேண்டியது மெத்தடைத் தேடும் வரிசையைப் புரிந்துகொள்வதில்தான். பைத்தானோடு வரும் 'சாக்கெட்சர்வர்' நூலகத்தில், சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித் திரெட்டில் (மற்றவற்றோடு இணையாக ஓடும் இழையில்) நடத்துவதற்காக 'திரெடிங்மிக்ஸின்' என்ற கிளாஸ் இருக்கிறது. புதிய சர்வர் கிளாஸை எழுதும்போது தாய் கிளாஸ்களின் பட்டியலில் இந்த மிக்ஸினை முதலிலும் 'டிசிபிசர்வர்' கிளாஸை அதற்குப் பின்னும் குறிப்பிட வேண்டும். மாற்றிக் குறிப்பிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, நிரலும் ஓடும். ஆனால் கோரிக்கையைக் கையாளும் மெத்தட் அடிப்படை சர்வர் கிளாஸிலேயே முதலில் அகப்பட்டுவிடுவதால், மிக்ஸினில் இருப்பது அழைக்கப்படாமலேயே போய், கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்கும். இதை உங்கள் கணினியில் இரு விதமாகவும் எழுதி, ஒவ்வொரு முறையும் அந்த கிளாஸின் 'எம்ஆர்ஓ' பட்டியலை, அதாவது மெத்தடைத் தேடும் வரிசையை, அச்சிட்டு, எது எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். 2003-இல் வந்த பைத்தான் 2.3 பதிப்பிலிருந்து இந்த வரிசை சி3 என்ற முறைப்படி கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறையாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, ஒரு மெத்தடுக்குள்ளிருந்து வேறு கிளாஸில் உள்ள மெத்தடை அழைக்க உதவும் 'சூப்பர்'. அது எப்போதும் தாய் கிளாஸைத்தான் அழைக்கும் என்று பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வரிசையில் அடுத்து நிற்பதை அழைக்கிறது. அந்த அடுத்தது இன்னொரு மிக்ஸினாகவும் இருக்கலாம். ஒரே பெயரில் மெத்தட் உள்ள இரண்டு மிக்ஸின்களைக் காட்டி, என்ன அச்சாகும் என்று தேர்வில் கேட்டால், இந்த ஒரு புரிதலே உங்களைக் கரை சேர்த்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே ஒரு கிளாஸைத் திறந்து புதிய மெத்தடைச் சேர்க்க ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகள் அனுமதிக்கின்றன. நீங்கள் எழுதிய கிளாஸில் அதைச் செய்யலாம். மொழியோடு வரும் அடிப்படை கிளாஸ்களில் செய்யத் துணியும் முன் மிகவும் யோசிக்க வேண்டும். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படை அர்ரேயில் (பட்டியல் வகையில்) 'ஃபிளாட்டன்' என்ற பெயரில் ஒரு மெத்தடைச் சேர்த்து வைத்திருந்தது. அதே பெயரை மொழியில் கொண்டுவந்தால் அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் பழைய தளங்கள் உடைந்துபோகும் என்று 2018-இல் தெரியவந்ததால், மொழியின் 2019 பதிப்பில் அந்த வசதி 'ஃபிளாட்' என்ற பெயரில்தான் வந்தது. யாரோ தம் வசதிக்காகச் சேர்த்த ஒரு பெயர், மொழியை வடிவமைப்பவர்களின் கையையே கட்டிப்போட்டுவிட்டது. இந்த ஆபத்தை உணர்ந்துதான் ரூபியில், மாற்றத்தின் வீச்சைக் குறிப்பிட்ட பகுதிக்குள் அடக்கிவைக்கும் 'ரிஃபைன்மென்ட்' வசதி உருவாக்கப்பட்டது.

எங்கே மிக்ஸின் வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் தேர்வில் மதிக்கப்படும். இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகத்தின் குழுவினர் 2016-இல் மிக்ஸின்களைத் தவிர்க்கும்படி எழுதியபோது, மறைமுகச் சார்புகளையும் பெயர் மோதல்களையும் காரணமாகக் காட்டினார்கள். ஒரு மெத்தட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நான்கு கோப்புகளைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், அந்தச் செயல்பாட்டைத் தனி ஆப்ஜெக்டாக வைத்து அழைப்பதே தெளிவானது என்பது என் கருத்து.

சுயவிவரக் குறிப்பில் மிக்ஸின் என்று தனித் திறமையாக எழுதாதீர்கள். அது எதையும் நிரூபிக்காது. அதற்குப் பதிலாக, இரண்டு கிளாஸ்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு மிக்ஸினையும் அதற்கான சோதனைகளையும் கொண்ட சிறிய நிரல் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று விளக்கப் பழகுங்கள். ரூபி தெரியவில்லையே என்று இப்போது கவலைப்பட வேண்டாம். பைத்தானில் இந்த வரிசை பிடிபட்டவருக்கு, அங்கே மாட்யூலைச் சேர்க்கும் கட்டளைகளில் 'இன்க்ளூட்' அதை கிளாஸுக்குப் பின்னும் 'ப்ரீபென்ட்' முன்னும் நிறுத்துகிறது என்பது, தேடும் வரிசையைக் காட்டும் 'ஆன்செஸ்டர்ஸ்' பட்டியலைப் பார்த்ததுமே விளங்கிவிடும்.