கிரான் டூரிஸ்மோ 7-ல் உண்மையான டிரிஃப்ட் போல ஓட்டுவதற்கு எந்த டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கிரான் டூரிஸ்மோ 7 ஒரு கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு; டிரிஃப்ட் என்பது காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே நழுவவிட்டு வளைவைக் கடப்பது. கேள்வி கேட்டவர் இரண்டு சிக்கல்களைச் சொல்லியிருக்கிறார். பந்தய டயரை மாட்டினால் கார் சறுக்கவே மறுக்கிறது. விளையாட்டின் சாலை டயர்களில் மிகக் குறைந்த பிடிமானம் உள்ள கம்ஃபர்ட் ஹார்டை மாட்டினால் எண்ணெய் கொட்டிய தரையில் ஓட்டுவது போல இருக்கிறது. இவற்றில் எது உண்மைக்கு நெருக்கமானது என்பது அவர் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 130 முதல் 250 குதிரைத்திறன் வரை உள்ள, பின்சக்கரங்களால் உந்தப்படும் சாதாரணக் காராக இருந்தால், பின்னால் கம்ஃபர்ட் ஹார்ட் அல்லது கம்ஃபர்ட் மீடியம் போடுங்கள். முன்னால் அதே டயரையோ அதற்கு ஒரு படி மேலானதையோ போடுங்கள். எண்ணெய்த் தரையாக உங்களுக்குத் தோன்றுவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி என்பது புரியாவிட்டால் அடுத்த காரை வாங்கியதும் இதே கேள்வி திரும்ப வரும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் தார்ச்சாலைக்கான காய்ந்த தரை டயர்கள் கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என மூன்று குடும்பங்களாகவும், ஒவ்வொரு குடும்பத்திலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட் என மூன்று படிகளாகவும் இருக்கின்றன. மேலே போகப் போகப் பிடிமானம் கூடுகிறது. கடையில் காரை வாங்கியதும் மேல்படி டயரை வாங்கி மாட்டிவிடுவதே பலருக்கும் பழக்கம், ஏனென்றால் சுற்று நேரம் உடனே குறைகிறது. டிரிஃப்டுக்கு இந்தப் பழக்கம்தான் முதல் எதிரி.

டயர் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தத் திசைக்கும், அது உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும் திசைக்கும் இடையில் வளைவுகளில் ஒரு சிறு கோணம் இருக்கும். வளைவில் திரும்பும்போது ரப்பர் முறுக்கிக்கொள்வதால் உண்டாகும் கோணம் அது; சறுக்குக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோணம் கூடக் கூட டயரின் பக்கவாட்டுப் பிடியும் கூடி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. சாதாரணச் சாலை டயரில் அந்த உச்சம் பெரும்பாலும் 6 முதல் 10 டிகிரிக்குள் வருகிறது. அதைத் தாண்டினாலும் பிடி மெதுவாகத்தான் குறையும். பந்தய டயரில் உச்சம் உயரமானது, குறைந்த கோணத்திலேயே வந்துவிடுவது, அதைத் தாண்டியதும் சரிவும் செங்குத்தானது. டிரிஃப்ட் செய்யும் காரின் பின்பக்கமோ 30, 40 டிகிரியில் நிற்கிறது. அதாவது பின் டயர்கள் உச்சத்தைத் தாண்டி வெகுதூரம் போன நிலையில்தான் முழு வேலையும் நடக்கிறது. ஆகவே எது அதிகமாகப் பிடிக்கிறது என்பதைவிட, எது கைவிடும்போது படிப்படியாகக் கைவிடுகிறது என்பதே டிரிஃப்ட் ஓட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வி.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு டயரிடம் இருக்கும் மொத்தப் பிடி ஒரு மாதச் சம்பளம் போன்றது. வாடகைக்கு அதிகம் கொடுத்தால் மளிகைக்குக் குறையும். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பின்சக்கரங்களை வேகமாகச் சுழற்றும்போது பிடியின் பெரும்பங்கு முன்னோக்கிய உந்துதலுக்குச் செலவாகி, பக்கவாட்டில் காரைப் பிடித்து நிறுத்த மிச்சம் கொஞ்சமே இருக்கிறது. பின்பக்கம் வெளியே நழுவுகிறது. மிதியைத் தளர்த்தினால் பக்கவாட்டுப் பிடி திரும்பி வருகிறது. டிரிஃப்ட் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கால் மட்டும் காரைத் திருப்புவதில்லை, வலது காலாலும் திருப்புகிறார் என்று சொல்வதன் பொருள் இதுதான். அந்தக் கால் வேலை செய்ய வேண்டுமானால், பின் டயரின் பிடியை எஞ்சின் தன் சொந்த பலத்தால் உடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே டயரைத் தனியாக எடைபோட முடியாது. எஞ்சினோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இதை நான் புரிந்துகொண்டது சுகுபா தடத்தில். ஜப்பானின் இபராக்கி மாகாணத்தில் இருக்கும் அந்தத் தடத்தின் நீளம் 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். விளையாட்டிலும் அது இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் டொயோட்டா ஸ்பிரின்டர் டிருவெனோவை, அதாவது எல்லோரும் ஏஇ86 என்று அழைக்கும் காரை எடுத்துக்கொண்டு, அறியாமையில் ரேசிங் ஹார்டை மாட்டி முதல் கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்தேன். இரண்டாம் கியர், ஒரு நொடி கைப்பிரேக், பின்பக்கம் அசைந்தது, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தேன். அந்த 1.6 லிட்டர் எஞ்சினால் அந்த டயரைச் சுழல வைக்க முடியவில்லை. எஞ்சின் வேகம் மளமளவென்று இறங்கியது, டயர் ஒரே அடியில் பிடியைத் திரும்பப் பெற்றது, நான் எதிர்ப்பக்கம் ஒடித்து வைத்திருந்த முன்சக்கரங்கள் காரை அப்படியே வெளிப்பக்கத்துப் புல்லுக்குள் இழுத்துச் சென்றன. பத்து முறை முயன்றேன், பத்து முறையும் புல்லைத்தான் பார்த்தேன். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் கம்ஃபர்ட் ஹார்டை மாட்டிக்கொண்டு அதே வளைவுக்கு வந்தபோது, கைப்பிரேக் கூடத் தேவைப்படவில்லை. பிரேக்கை விட்டும் விடாமலும் இருக்கும் நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்; முன்பக்கம் பாரம் ஏறி, பின்பக்கம் இலேசாகி, தானாகவே சுற்ற ஆரம்பித்தது. மிதியைப் பாதிக்கு மேல் வைத்துக் காத்திருந்தால் கோணம் அப்படியே நின்றது, சற்றுத் தளர்த்தினால் சுருங்கியது, கூட்டினால் விரிந்தது. எஞ்சினின் பலமும் டயரின் பிடியும் அப்போதுதான் சமமான தராசில் நின்றன.

கம்ஃபர்ட் டயர் விளையாட்டுக்காகச் செய்த சலுகை, உண்மையில் எந்தக் காரும் இவ்வளவு வழுக்காது என்று சொல்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. டொயோட்டா 2012-ல் வெளியிட்ட 86 காருக்கு, பல சந்தைகளில், மிஷெலின் பிரைமசி எச்பி டயர்களை மாட்டி விற்றது. எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காருக்கும் விருப்பத் தேர்வாக அதே டயர் கிடைத்தது என்பதை அந்நாளில் எழுதாத கார்ப் பத்திரிகை குறைவு. 200 குதிரைத்திறன் கொண்ட ஒரு காரைச் சாதாரண வேகத்திலேயே பின்பக்கம் நழுவவிட்டு மகிழ வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்த முடிவு அது. விளையாட்டில் அந்தக் காருக்கு ஸ்போர்ட்ஸ் சாஃப்ட் போட்டு, இது டிரிஃப்ட் ஆகவில்லையே என்று வருந்துபவர், அதைச் செய்தவர்களின் முடிவையே மாற்றிவிட்டு வருந்துகிறார்.

டிரிஃப்டின் பிறப்பிலும் இந்தத் தர்க்கம் இருக்கிறது. 1970-களில் ஜப்பானியப் பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகாஹாஷி பந்தயத் தடங்களில் பின்பக்கத்தை நழுவவிட்டு வளைவுகளைக் கடந்ததைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா, அதை மலைப்பாதைகளுக்குக் கொண்டு போனார். மலைப்பாதையில் ஏறி இறங்கிய இளைஞர்களிடம் இருந்தவை எளிய கார்களும் எளிய டயர்களும்தான். இன்றும் சொந்தப் பணத்தில் டிரிஃப்ட் பழகுபவர்கள் நல்ல டயரை முன்னாலும், தேய்ந்த அல்லது மலிவான டயரைப் பின்னாலும் போடுவதே வழக்கம். பின் டயர் எப்படியும் புகையாகத்தான் போகப்போகிறது, அதற்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். திசையைக் காட்டப் போவது முன்சக்கரங்கள், அவை நழுவக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

இந்த முன்-பின் வேறுபாட்டை விளையாட்டிலும் செய்யலாம். அமைப்புப் பக்கத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக டயரைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் ஒரு படிக்கு மேல் போகாதீர்கள் என்பது என் அனுபவம். முன்னால் ஸ்போர்ட்ஸ் மீடியமும் பின்னால் கம்ஃபர்ட் ஹார்டும் போட்டு ஒருமுறை ஓட்டினேன். ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் முன்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டது, பின்பக்கத்துக்கோ அதைப் பின்தொடரப் பிடி போதவில்லை. எதிர்ப்பக்கம் ஒடிப்பதற்குள் கார் தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. முன்னால் கம்ஃபர்ட் மீடியம், பின்னால் கம்ஃபர்ட் ஹார்ட் என்ற இணையில் அந்தப் பதற்றம் இல்லை. ஸ்டீயரிங் சக்கரம் வைத்து விளையாடுபவர்களுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. பின்பக்கம் நழுவியதும் முன்சக்கரங்கள் கார் நகரும் திசையை நோக்கித் தாமாகத் திரும்ப முயலும். கையைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே எதிர்ப்பக்கம் ஓடும், சரியான இடத்தில் பிடித்துக்கொண்டால் போதும். முன்னால் கொஞ்சம் பிடி இருந்தால்தான் இந்த விசை கைக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான்கிலும் கம்ஃபர்ட் ஹார்ட் இருக்கும்போது அது மங்கலாகத்தான் வருகிறது.

குதிரைத்திறன் கூடும்போது டயரும் மேலே ஏற வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2004 முதல் நடக்கும் ஃபார்முலா டிரிஃப்ட் போட்டியில் ஓடும் கார்களில் ஆயிரம் குதிரைத்திறனை எட்டுபவை உண்டு. அவற்றின் ஓட்டுநர்கள் வழுக்கும் டயரைத் தேடுவதில்லை, விதி அனுமதிக்கும் வரை நன்றாகப் பிடிக்கும் டயரையே தேடுகிறார்கள். அவ்வளவு பலத்துக்கு எந்தச் சாலை டயரும் உடையும். ஆகவே எவ்வளவு பிடி இருக்கிறதோ அவ்வளவு வேகமாக, புகைக்குள்ளும் முன்னே நகர முடிகிறது. 250 குதிரைத்திறன் கொண்ட நிசான் சில்வியா எஸ்15-ஐ வாங்கியபடியே ஓட்டினால் எனக்குப் பின்னால் கம்ஃபர்ட் மீடியம் பொருந்துகிறது. அதையே டர்போ மாற்றி 400-க்குக் கொண்டு போனபோது கம்ஃபர்ட் சாஃப்ட், சில தடங்களில் ஸ்போர்ட்ஸ் ஹார்ட். 700-க்கு மேல் கட்டிய காருக்குக் கம்ஃபர்ட் ஹார்ட் போட்டால், அப்போது நீங்கள் சொல்லும் எண்ணெய்த் தரை உண்மையாகவே வந்துவிடும். டயர் நின்ற இடத்தில் சுழலும், கார் நகராது.

உங்கள் காருக்கு எது சரி என்று தெரிய நான் செய்யும் சோதனை எளியது. சுகுபாவின் கடைசி வளைவு நீளமான வலது வளைவு. அதற்குள் மூன்றாம் கியரில் நழுவவிட்டு, மிதியைப் பாதியில் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் மூச்சடைத்துப் போய்க் கார் நேராகிவிட்டால் டயர் ஒரு படி அதிகம். எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்று, கார் பக்கவாட்டில் மட்டும் மிதந்து வெளியே போனால் டயர் ஒரு படி குறைவு. ஆனால் டயரை மாற்றும் முன் ஒரு கியர் மேலே போட்டுப் பாருங்கள், பாதி நேரம் குற்றம் கியரில்தான் இருக்கும். மிதியைச் சற்றுத் தளர்த்தியதும் பின்பக்கம் நிதானமாக உள்ளே வந்தால் அந்த டயரை மாற்றாதீர்கள்.

டயரைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடு சுழியத்தில் இருக்கிறதா, நழுவும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் தரும் எதிர்த்திருப்ப உதவி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை இயங்கினால் நீங்கள் உடைக்க முயலும் பிடியைக் கணினி திரும்ப ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். அடுத்து, எஞ்சினின் பலத்தை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பின் டிஃபரென்ஷியல். இரு பின்சக்கரங்களும் சேர்ந்து சுழலாவிட்டால் உள்பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றி, வெளிப்பக்கச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். முழுதாக மாற்றத்தக்க டிஃபரென்ஷியலை வாங்கி மிதிக்கும்போது இரு சக்கரங்களையும் எவ்வளவு பிணைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் முடுக்க உணர்திறனை உச்சமான 60-க்கு அருகில் வைத்தபோது, நான் டயரின் குறை என்று நினைத்திருந்த பல தடுமாற்றங்கள் காணாமல் போயின. கட்டுப்பாட்டுக் கருவியில் ஆக்சிலரேட்டரை அழுத்து பொத்தானில் வைத்திருப்பவர் அதை விரல் அளவுக்கு ஏற்பக் கூடிக் குறையும் விசைக்கு மாற்றிக்கொள்ளட்டும். முழுதாக அல்லது சுத்தமாக இல்லை என்ற இரண்டே நிலைகளில் டிரிஃப்ட் வராது.

வேறு விளையாட்டுகளில் இந்தத் தேர்வு வேறு உருவில் வரும். ஃபோர்ஸா ஹொரைசன் 5-ல் டிரிஃப்டுக்கென்றே ஒரு டயர் வகை விற்கிறார்கள்; அதனுடன் டிரிஃப்ட் சஸ்பென்ஷனையும் வாங்கினால்தான் முன்சக்கரம் போதிய அளவு திரும்பும். அசெட்டோ கோர்சாவில் சாலை டயர், அரைப் பந்தய டயர் என்று காருக்கேற்பத் தருகிறார்கள், காற்றழுத்தத்தையும் மாற்றலாம். டயர் சூடானதும் அழுத்தம் ஏறுவதால் முதல் சுற்றில் இருந்த கார் நான்காம் சுற்றில் இருக்காது. கிரான் டூரிஸ்மோ 7-ல் காற்றழுத்தத்தை மாற்ற வழியில்லை. டயர் வகை ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது, அதனால்தான் இந்தத் தேர்வுக்கு இங்கே இவ்வளவு எடை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஏஇ86, நான்கிலும் கம்ஃபர்ட் ஹார்ட், சுகுபா. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். முதல் இரண்டு நாள் சுழன்றுகொண்டே இருப்பீர்கள். முதல் கொண்டை ஊசியும் கடைசி வளைவும் பிடிபட்ட பிறகு முன்னால் மட்டும் கம்ஃபர்ட் மீடியம் மாட்டிப் பாருங்கள். அந்த ஒரு படி வித்தியாசம் அப்போதுதான் கையில் தெரியும்.