ஓய்வுக்குப் பின் அமெரிக்கத் தென் மாநிலங்களில் எங்கே குடியேறலாம்?

வருமான வரி இல்லாத மாநிலமாகப் பார்த்துப் போனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஃப்ளோரிடா, டெக்சாஸ், டென்னசி மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது, சரி. ஆனால் டெக்சாஸில் சொத்து வரி கனம். டென்னசியில் விற்பனை வரி அதிகம். ஜார்ஜியாவில் வருமான வரி உண்டு, என்றாலும் 65 வயதைத் தொட்டவருக்கு ஓய்வுக்கால வருமானத்தில் ஆளுக்கு 65,000 டாலர் வரை விலக்கு. பலருக்கு இதுவே லாபமாக முடியும்.

நானாக இருந்தால் முதலில் பார்ப்பது வீட்டுக் காப்பீடு. ஃப்ளோரிடாவின் கடலோரத்தில் அதன் பிரீமியமே வரியில் மிச்சமானதை விழுங்கிவிடும். அதிலும் வழக்கமான பாலிசியில் வெள்ளச் சேதம் சேராது. தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் எடுத்தால் அது அமலுக்கு வரப் பெரும்பாலும் 30 நாள் காத்திருப்பு வேறு. மலைப்பக்கம் போனால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் வட கரோலினாவின் மலை நகரமான ஆஷ்வில்லையே புரட்டிப் போட்டது.

அப்புறம் மருத்துவம். மெடிகேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைத் தனியார் நிறுவனம் வழியே பெறும் திட்டம்) வைத்திருந்தால், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) மாறினாலே திட்டமும் மாற வேண்டி வரலாம்.

வீடு வாங்கும் முன், வெயில் கொளுத்தும் ஓர் ஆகஸ்ட் மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜனவரியில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரும் சொர்க்கம்தான்!