விழல் கூரை ஒழுகுவது ஏன்?

விழல் புல் வேய்ந்த பந்தல் ஒழுகுகிறது, அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தும் புல் மக்குகிறது, மேலே இன்னும் புல் போடலாமா என்று கேட்கிறீர்கள். 10 அடி அகலப் பந்தலுக்கு நடுமுகட்டை 2 அடிதான் தூக்கியிருக்கிறீர்கள். ஒழுகாமல் என்ன செய்யும்? தண்ணீர் வழிந்தோடாமல் புல்லுக்குள் இறங்குகிறது. முகட்டை இறவாணத்திலிருந்து, அதாவது கூரையின் கீழ்விளிம்பிலிருந்து, 5 அடி உயர்த்துங்கள், 45 பாகை சரிவு வந்துவிடும். மேலே இன்னும் புல் போடுவது வீண் செலவு.

முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் கைமரங்களின் மேல் அடிக்கு ஒரு வரிச்சு (குறுக்குக் கழி) கட்டி, இறவாணத்திலிருந்து மேல்நோக்கி வேயுங்கள். புல் தண்டின் அடிப்பக்கம் கீழே பார்க்கட்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் கட்டுக்கயிற்றை நன்றாக மூட வேண்டும். கயிறு வெளியே தெரிந்தால் அந்த வழியாகவே நீர் இறங்கும். இறுக்கிய பின் 6 முதல் 8 அங்குலக் கனம் நிற்கட்டும். விழல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகக் கட்டினால் சுருங்கிக் கட்டு தளரும்.

அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளை எடுத்துவிடுங்கள். ஈரம் உலராமல் புல் மக்குவது அதனால்தான்.