லினக்ஸுக்கு மாறும் முன் பத்திரங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள்

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகில் தட்டச்சுக் கடை நடத்துகிறேன். என்னிடம் உள்ள இரண்டு கணினிகளும் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அவற்றில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாமா? பாமினி, வானவில் அவ்வையார் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் பல ஆண்டுகளாக அடித்து வைத்திருக்கும் பத்திரங்கள் என்ன ஆகும்? எனக்குப் பழைய தட்டச்சு முறை மட்டுமே தெரியும்.

பதில்: மாறலாம்; ஆனால் இரண்டு கணினிகளையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. உங்கள் கடையில் வாடிக்கையாளர்களின் ஆதார், பான், பட்டா நகல்கள் கணினியிலேயே தங்கிவிடும் என்பதால், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை இணையத்தில் இணைத்தபடி வைத்திருப்பது உங்களை நம்பி வந்தவர்களுக்கும் ஆபத்து. உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 தொடரின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு பொருந்தும். அதற்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு.

உண்மையான சிக்கல் இயங்குதளத்தில் இல்லை, உங்கள் கோப்புகளில் இருக்கிறது. பாமினியில் அடித்த பத்திரத்தில் திரையில் ‘த’ என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கில ‘ஜே’ என்ற எழுத்தாகவும், புள்ளி அரைப்புள்ளிக் குறியாகவும்தான் பதிவாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகவே திறக்கும். வானவில்லும் இதே வகைதான், குறியீட்டு வரிசை மட்டும் வேறு. பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிக்கொண்டால் பழைய பத்திரங்களை லிப்ரெஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் படிக்கவும் அச்சிடவும் முடியும். வானவில் விலைக்கு வாங்கிய மென்பொருள் என்பதால், அதன் எழுத்துருவை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல உங்கள் உரிமம் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் இது தற்காலிக ஏற்பாடே. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் கோப்புகளும் அங்கே வந்து சேர வேண்டும்.

ஆகவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில், முக்கியமான பத்திரங்கள் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால், பின்னாளில் எதை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வராது. அதன்பின் மாதிரி வாசகங்களாக நீங்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் கிரயம், தானம், அடமானம், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்ற முனைந்தால் வேலை முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. இதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் உள்ளன.

மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் படித்தே ஆக வேண்டும். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே விசைதான் என்பதால், கௌரி என்ற பெயர் ககர எகரமும் ளகரமும் சேர்ந்த ‘கெளரி’ ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. கௌதமன், சௌந்தரம் என எல்லாப் பெயர்களிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கும். பத்திரத்தில் பெயர் தவறினால் பிழைத்திருத்தல் பத்திரம் வரை போக நேரிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழுக்கு நடுவே வேறு எழுத்துருவில் அடித்த ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி மென்பொருள் தமிழாக எண்ணிச் சிதைத்துவிடக்கூடும். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, விஸ்தீரணம் ஆகியவற்றைப் பிடிஎஃப் நகலோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பழைய தட்டச்சு முறைக்கு லினக்ஸிலும் இடம் உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறைகளோடு தட்டச்சுப்பொறி முறையும் கிடைக்கும்; ஆனால் சில விசைகள் உங்கள் கை பழகிய இடத்தில் இல்லாமல் போகலாம். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ, அடைப்புக்குறி, சாய்கோடு ஆகியவற்றை முதல் நாளிலேயே அடித்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ் போதும். எழுத்தின் அகலம் மாறுவதால் பக்கம் முடியும் இடமும் மாறும்; முத்திரைத்தாளில் ஏற்றுமுன் வெள்ளைத்தாளில் ஒருமுறை அச்சிட்டு ஓரங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அச்சுப்பொறியை மறந்துவிடாதீர்கள். எச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தொல்லை தராமல் இயங்கும். நம் ஊர்க் கடைகளில் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி2900 தனி வகை இயக்கி மென்பொருள் கேட்பது. அதை லினக்ஸில் ஓடவைப்பதற்குப் பொறுமை வேண்டும். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி இவற்றில் எதையாவது நீங்கள் பயன்படுத்தினால் அந்த வேலைக்காக ஒரு கணினியில் விண்டோஸையே வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கணினியில் பொது இணைய உலாவலை நிறுத்திவிடுங்கள்.

நிறுவும் முறையில் என் பரிந்துரை ஒன்றுதான். 8 ஜிபி பென்டிரைவில் மின்டை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, அச்சு, இணையம், பதிவுத்துறை இணையதளம் மூன்றையும் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதில் நிறுவுங்கள். பழைய வட்டைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் அதிலேயே வைக்கும் முறையை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு தவறான சொடுக்கில் எல்லாப் பத்திரங்களும் போய்விடக்கூடும். கழற்றிய வட்டின் மேல் தேதி எழுதி ஆறு மாதம் பத்திரமாக வையுங்கள். அதற்குள் அதை மீண்டும் மாட்ட வேண்டிய தேவை வராவிட்டால், இரண்டாவது கணினியைத் தொடலாம்.