பார்த்த கூலி – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் எழுதிய வண்டி நின்ற கதையைப் படித்தேன். கெடிலம் பாலத்தின் மேல் உங்கள் பைக் நின்றுபோனது, தள்ளிக்கொண்டே போய் ஒரு ஷெட்டில் விட்டது, மெக்கானிக் முக்கால் மணி நேரம் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வயரைச் சுரண்டி மாட்டி 400 ரூபாய் வாங்கியது எல்லாம் எழுதியிருந்தீர்கள். "ஒரு வயரைச் சுரண்ட நானூறு என்றால், வண்டி முழுக்கச் சுரண்டினால் வீட்டை எழுதித் தர வேண்டியதுதான்" என்ற வரியைப் படித்து ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மெக்கானிக் மகள்.

அப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 27 வருஷமாக டூவீலர் ஷெட் வைத்திருக்கிறார். நான் பி.காம் முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். ராத்திரியில் ஷெட் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலு வண்டி நிற்கும். கார்புரேட்டர் கழுவுவது, பிளக் மாற்றுவது, டியூனிங் என்று மதியச் சாப்பாட்டுக்கே நேரம் இருக்காது. இப்போது வரும் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. ஃப்ரீ சர்வீஸும் வாரண்டியும் முடியும்வரை கம்பெனிக்குப் போகிறார்கள். அதற்கப்புறம் மீட்டரில் மஞ்சள் லைட் எரிய எரிய எங்களிடம் வருகிறார்கள். அது ஏன் எரிகிறது என்று பார்க்க, வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். 38,000 ரூபாய் சொல்கிறார்கள், அப்டேட்டுக்கு வருஷா வருஷம் தனி. வேலைக்கு இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான், இன்னொருவன் சிப்காட்டுக்கு. டயரியில் எழுதிய கடன் மட்டும் 61,000 நிற்கிறது. பாதிக்குப் பெயரே இல்லை, "ஓ.டி. அண்ணன், கறுப்பு வண்டி" என்று இருக்கிறது. நான் யாரிடம் போய்க் கேட்பது?

போன மாதம் ஒருவர் பிரேக் ஷூ, செயின் செட் எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்து "மாட்டி மட்டும் குடுங்கண்ணே" என்றார். அப்பா ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்தார். 150 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனவர், பத்தே நாளில் செயின் சத்தம் வருகிறது என்று திரும்பி வந்து நாலு பேர் எதிரில் அப்பாவைத் திட்டினார்.

அப்பாவுக்கு 54 வயசு. கடையை மூடிவிட்டு எங்காவது செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்கிறார். ஸ்கேனர் வாங்கலாமா, மூடிவிடலாமா? இது உங்கள் துறை இல்லை என்று தெரியும். எழுதியது நீங்கள் என்பதால் உங்களையே கேட்கிறேன்.

ம.,
திருப்பாதிரிப்புலியூர்

*

அன்புள்ள ம.,

அந்த வரியை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. உங்கள் கடிதம் வந்த அன்று கட்டுரையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சிரிப்பு வருவதற்காக நான் எதையெல்லாம் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

அந்த மெக்கானிக் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. சாவியை மட்டும் திருப்பிவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார். டேங்குக்குள் பம்ப் 'ஙொய்' என்று இரண்டு விநாடி ஓடி நின்றது. "பெட்ரோல் ஏறுது" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தார். வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தார், சமர்த்தாக ஓடியது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் நின்றுவிடுமே, அந்த மாதிரி. அவர் அசரவில்லை. சீட்டைக் கழற்றி, டேங்கைத் தூக்கிவைத்து, ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு வயர்க் கட்டாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில், கழுத்துக்குக் கீழே, ஒரு கட்டைத் தொட்டதும் என்ஜின் பொசுக்கென்று அணைந்தது. அங்கே இருந்த கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே உலோகப் பின்னில் பச்சையாகக் களிம்பு. "டெய்லி பீச்சுக்குப் போவீங்களா?" என்றார். சில்வர் பீச்சில் வாக்கிங் போகிறவன் நான், தினமும் ஒரு மணி நேரம் உப்புக்காற்றில் நிற்கிறது வண்டி. மல்டிமீட்டரை வைத்துக் கரன்ட் பார்த்துவிட்டு, பிளேடு நுனியால் களிம்பைச் சுரண்டினார். தளர்ந்திருந்த பின்னை இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தி, துளி கிரீஸ் வைத்து மாட்டினார்.

தேடியது முக்கால் மணி நேரம், சரிசெய்தது இரண்டு நிமிஷம். நான் அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் 400 ரூபாய் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். தப்புதான். அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், "அதெல்லாம் நான் படிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்டுகள் திணறுவதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நம் ஊரில் மெக்கானிக் தன் கூலியை எப்போதுமே பார்ட்ஸ் விலைக்குள் ஒளித்து வைத்துத்தான் வாங்கியிருக்கிறார். என் சித்தப்பா மகன் புதுச்சேரியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பல வருஷம் கவுன்ட்டரில் நின்றவன். மெக்கானிக் வந்து வாங்கினால் ஒரு விலை, வண்டிக்காரர் வந்து கேட்டால் ஒரு விலை. நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் மெக்கானிக்கின் உண்மையான சம்பளம் என்பான். லேபர் என்று வாங்குகிற நூறும் நூற்றைம்பதும் டீச் செலவு மாதிரி. "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று வண்டிக்காரர் பேரம் பேசுவார், மெக்கானிக்கும் பெருந்தன்மையாக லேபரில் ஐம்பது குறைப்பார். இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆன்லைனில் செயின் செட் வாங்கிக்கொண்டு வந்தாரே ஒருவர், அவர் உங்கள் அப்பாவின் சம்பளத்தை வேறு எங்கோ கட்டிவிட்டு வந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது. உங்கள் அப்பாவுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லமுடியாது. 150 ரூபாயோடு நின்றது இதனால்தான்.

புது வண்டிகள் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கிவிட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதும் புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய காணாமல்போனது. கார்புரேட்டர் காலத்தில் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் ஒரே வேலை. கழற்றினால் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், அடைப்பு தெரியும், ஊதினால் போகும், காற்று ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினால் சத்தம் சீராகும். கை கறுப்பாவதை வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பார், காசு கொடுக்க மனசு வரும். இப்போது எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குத் தகவல் சொல்ல த்ராட்டிலில் ஒரு சென்சார், சைலன்ஸர் குழாயில் ஆக்சிஜன் சென்சார், என்ஜின் சூட்டுக்கு ஒன்று. கோளாறு எங்கே என்று தேடுவதுதான் வேலையில் முக்கால்வாசி. மாட்டுவதற்குப் பார்ட்ஸே இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது, என் வண்டியில் முடிந்த மாதிரி. பார்ட்ஸ் இல்லையென்றால் அதற்குள் ஒளித்து வைத்த கூலி எங்கே போகும்?

ஸ்கேனரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தேவைதான், ஆனால் உங்கள் அப்பா பயப்படுகிற அளவுக்கு அது அவருடைய இடத்தைப் பிடித்துவிடாது. ஆக்சிஜன் சென்சார் பக்கம் கோளாறு என்று அது சொல்லும். சென்சார் செத்துவிட்டதா, சென்சாருக்குப் போகிற வயரில் களிம்பா என்று சொல்லாது. என் நண்பர் ஒருவர் ஸ்கூட்டரை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டார். லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு சென்சாரையே மாற்றிக் கொடுத்தார்கள், பில் 4,000-க்கு மேல். ஒரே வாரத்தில் மஞ்சள் லைட் திரும்ப எரிந்தது. கடைசியில் முதுநகர்ப் பக்கம் ஒரு ஷெட்டில், எலி கடித்த வயரை ஒட்டுப்போட்டதும் அணைந்தது. அங்கே எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டேன். "இருநூறு கேட்டான், நூத்தம்பது குடுத்தேன்" என்றார் நண்பர், பெருமையாக. 4,000 ரூபாய் பில்லில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது.

2024 வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாற்றில் வந்தது. தண்ணீர் வடிந்தபின் மஞ்சக்குப்பத்தில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் சேறு பூசின வண்டிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். ஆயில் போல்ட்டைத் திறந்தால் தண்ணீர் கலந்த ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது. தண்ணீர் போன வண்டியைச் செல்ஃப் அடிக்கக் கூடாது, தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வண்டிக்காரர்கள் பேட்டரி சாகும்வரை அடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துத் தண்ணீரைக் கக்க வைத்து, இரண்டு தடவை ஆயில் ஊற்றிக் கழுவி, மூன்றாவது ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். ஒரு வண்டிக்கு அரை நாள். காசு கேட்டால் "வெள்ளத்துல எல்லாருக்கும்தாண்ணே கஷ்டம்" என்றார்கள். ஷெட்டுக்குள் புகுந்த தண்ணீர் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று தெரியவில்லை.

சரி, உங்கள் தரப்பை முழுக்க ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மெக்கானிக் என்றாலே சந்தேகம் வருவதில் ஷெட்டுகளுக்கும் பங்கு உண்டு. சாயந்திரம் ரெடி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் இழுப்பது. மாற்றின பழைய பார்ட்ஸைக் காட்டாமல் மூலையில் போட்டுக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவது. பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருவது. கூலியை ஒளித்து வைத்தவர் வேறு எதையும் ஒளித்திருப்பாரோ என்று வண்டிக்காரருக்குத் தோன்றுவது இயல்புதானே.

சட்டம் துணைக்கு வருமா என்றால், மெதுவாக வருகிறது. 2014 ஆகஸ்டில், வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. ஆனால் அந்த அபராதத் தீர்ப்பு கார்களைப் பற்றியது. உங்கள் தெருவுக்கு வயரிங் படம் வந்து சேரும்வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மூட வேண்டாம் என்பதுதான் என் பதில். நாளைக்கே ஸ்கேனரும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு பில் புத்தகம் அச்சடியுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற ஷெட்டுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது, ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரி இல்லாத பில்லும் பில்தான். அதில் முதல் வரி 'பார்த்த கூலி'. வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: பார்ப்பதற்கு 200, கண்டுபிடித்தபின் அங்கேயே வேலை செய்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்கிறோம் என்று. இரண்டாவது வரி மாட்டிய கூலி. பார்ட்ஸ் தனியாக, கடை என்ன விலைக்குக் கொடுத்ததோ அந்த விலைக்கு. பார்ட்ஸ் கொண்டுவருகிறவர்களுக்கு மாட்டிய கூலி இன்னும் கொஞ்சம் கூட, அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று சுவரில் எழுதிப்போடுங்கள். பழைய சாமானைக் கவரில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று அவரே போட்டுவிட்டுப் போவார், காயலான் கடைக்காரர் வருமானம் போகாது.

முதல் இரண்டு மாதம் ஆட்கள் குறைவார்கள். "பார்க்கிறதுக்கே காசா?" என்பார்கள். டாக்டரிடம் அதை யாரும் கேட்பதில்லை என்று அப்பா சொல்ல மாட்டார், சுபாவம் அப்படி. கவுன்ட்டரில் நீங்கள் உட்கார்ந்தால் நீங்கள் சொல்வீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. சனி ஞாயிறு மட்டுமாவது உட்காருங்கள். டயரிக் கடன் 61,000-ல் எவ்வளவு வரும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. இனிமேல் வண்டி நம்பரும் செல் நம்பரும் இல்லாமல் எதையும் எழுத வேண்டாம்.

ஸ்கேனர் அதற்கப்புறம். பக்கத்தில் இன்னும் இரண்டு ஷெட்காரர்கள் இருப்பார்களே, மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் எல்லோருக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் அதற்கு வேலை இருக்காது. அதுவரை ஒரு நல்ல மல்டிமீட்டர் போதும், களிம்பைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய கருவி இல்லை. கடற்கரை ஊரில் களிம்புக்கு என்ன பஞ்சம்?

பையன்கள் விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. டெலிவரியில் அன்றன்றைக்குக் காசு கைக்கு வருகிறது, ஷெட்டில் தொழில் பிடிபட இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. ஐ.டி.ஐ.யில் படிக்கிற பையன் யாராவது சாயந்திரம் வருவானா என்று கேட்டுவைக்கலாம்.

அப்புறம், என் வண்டியில் முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. இடது பக்கம், சீல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவருகிறேன். பில் புத்தகம் வந்துவிட்டால் முதல் சீட்டை எனக்குக் கிழியுங்கள். வரவில்லையென்றால் சிகரெட் அட்டையிலாவது மூன்று வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.