பாலையா என்ன செய்கிறார்?

அன்புள்ள ஐயா,

‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் தன் தந்தை பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை என் மகன் கைபேசியில் காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அது முழுக்க நாகேஷின் காட்சி. பாலையா உட்கார்ந்து விழிப்பதைத் தவிர வேறென்ன செய்கிறார்? அவரை மேதை என்று நீங்கள் எழுதியது மிகை. இன்றைய தொலைக்காட்சிக் கலைஞர்கள் மேடையில் தனியாளாக நின்றே சிரிக்க வைக்கிறார்களே!

ர., மதுரை

அன்புள்ள ர.,

அந்த விழிப்பைத்தான் நான் மேதைமை என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

1964இல் ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதிய அந்தப் படத்தில், நாகேஷ் ஏற்ற செல்லப்பாவிடம் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. படமெடுக்கப் பணம் இல்லை. பணம் வைத்திருக்கும் அப்பாவுக்கோ மகன்மேல் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்டவரை உட்கார வைத்துத்தான் செல்லப்பா கதை சொல்கிறான். காட்சிக்குத் தேவையான ஓசைகளையும் வாயாலேயே எழுப்புகிறான். உதறித் தள்ளிவிட்டுப் போகவேண்டிய மனிதர் மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்படுகிறார். பணத்தை மறக்கிறார், தாம் அப்பா என்பதை மறக்கிறார், கடைசியில் பயந்து நடுங்குகிறார். செல்லப்பா எடுக்கத் துடிக்கும் படத்தை நாம் எங்கே பார்க்கிறோம்? பாலையாவின் முகத்தில் மட்டும்தான். அந்த முகம் நம்பாமல் போயிருந்தால், நாகேஷ் எவ்வளவு துள்ளினாலும் அது ஒரு மிமிக்ரியாக முடிந்திருக்கும்.

ஸ்ரீதரே 1966இல் இதை இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தபோது, மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் கேட்டார். கேட்பவருக்கும் முதல்தரமான நடிகர் வேண்டும் என்பது இயக்குநருக்குத் தெரிந்திருந்தது.

‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியையும் இதே கண்ணோடு பாருங்கள். செந்திலின் பதில் எப்போதும் ஒன்றுதான். அதைத் தனியாக எழுதிக் காட்டினால் யாரும் பெரிதாகச் சிரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கவுண்டமணிக்கு ஏறும் ஆத்திரம்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

இனி உங்கள் தொலைக்காட்சி. மேடையில் தனியாக நின்று சிரிக்க வைப்பது கடினமான கலை. அதில் தேர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என் கோபம் படத்தொகுப்பின் மேல். கலைஞர் வாயைத் திறந்ததும் கேமரா நடுவர்களிடம் ஓடுகிறது. அவர்கள் மேசையைத் தட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவுசெய்த சிரிப்பொலியைத் தொலைக்காட்சித் தொடர்களில் சேர்க்க ஒரு கருவியையே உருவாக்கினார். அந்தக் கருவியின் வேலையை இங்கே நடுவர்களைக் கொண்டு செய்கிறார்கள். நமக்கு முன்பே வேறொருவர் சிரித்து, இது சிரிக்க வேண்டிய இடம் என்று சொல்லிவிடுகிறார். பாலையா அப்படிச் சிரித்துக் காட்டுவதில்லை. அவருக்கு அது வேடிக்கையே இல்லை, உண்மையான பயம். அவர் பயப்படப் பயப்பட நமக்குச் சிரிப்பு பொங்குகிறது.

பாலையா திடீரென்று வந்த நடிகரும் அல்லர். 1936இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி, நெடுங்காலம் வில்லனாக மிரட்டியவர். மிரட்டத் தெரிந்தவருக்கு மிரளவும் தெரிந்திருந்தது. ‘காதலிக்க நேரமில்லை’க்கு அடுத்த ஆண்டே ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதராக வந்தார். இரவில் சிவனின் பாட்டைக் கேட்டு அவருடைய செருக்கு உடைவதும் ஒரு கேட்கும் நடிப்புதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைபேசிக்காக நெட்டுவாக்கில் வெட்டப்படும் துணுக்குகளில் பெரும்பாலும் பேசுபவர் மட்டுமே மிஞ்சுகிறார். கேட்பவர் பாதி முகமாகவோ ஒரு தோளாகவோ சுருங்கிவிடுகிறார். இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்து எடுத்ததை இப்படிச் சிதைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நீங்கள் பார்த்ததும் அப்படியொரு துணுக்காக இருக்கலாம்.

மகனோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் தொலைக்காட்சித் திரையில் பாருங்கள். அந்தக் காட்சியை மட்டும் இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, பாலையாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.