ஜிஆர்பி2 என்ற புரதம் என்சைமே இல்லை என்கிறார்கள். பிறகு செல்லை வளரச் சொல்லும் செய்திக்கு அது எதற்கு?

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செல் உயிரியல் எடுக்கிறேன். அந்தச் செய்தி போகும் பாதையின் படத்தை அம்புக்குறியோடு அப்படியே வரைந்துவிடுவார்கள், ஆனால் உங்கள் கேள்வியைத்தான் அவர்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜிஆர்பி2 எதையும் வெட்டுவதில்லை, எதன் மேலும் பாஸ்பேட் ஏற்றுவதில்லை.

இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் மேலுள்ள ஏற்பியில் (செய்தியை வாங்கும் புரதத்தில்) ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் உட்புற வாலிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. செய்தி சொல்ல இஜிஎஃப் உள்ளே வரத் தேவையில்லை. நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் அந்நியர் முகப்போடு நின்றுகொள்வார், விஷயத்தை வளவுக்குள் சொல்ல வீட்டு ஆள் வேண்டும், அது மாதிரி. ஆனால் இந்த ஆள் உள்ளே ஓடுவதில்லை. உள்ளே இருப்பவரை முகப்புக்கு இழுத்து வருகிறார்.

எப்படி? ஜிஆர்பி2 சின்னப் புரதம், 217 அமினோ அமிலங்கள்தான். நடுவில் ஓர் எஸ்ஹெச்2 பகுதி, இரு பக்கமும் எஸ்ஹெச்3. எஸ்ஹெச்2 பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும் (இந்தப் பகுதியை 1986இல் அடையாளம் காட்டியது டோனி பாசனின் குழு). எஸ்ஹெச்3 புரோலின் நிறைந்த துண்டுகளைப் பிடிக்கும். எஸ்ஓஎஸ் என்ற புரதத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. எஸ்ஓஎஸ் சைட்டோபிளாசத்தில் மிதந்துகொண்டிருந்தால் பெரிய பயனில்லை, ஏனென்றால் அது தேடும் ராஸ் என்ற புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் கொழுப்பு வாலால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிஆர்பி2 ஏற்பியின் வாலைப் பிடித்ததும் எஸ்ஓஎஸ் ராஸுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ராஸிலிருக்கும் குவனோசின் டைபாஸ்பேட்டை அது கழற்றிவிட, அந்த இடத்தில் குவனோசின் டிரைபாஸ்பேட் வந்து உட்காரும், ராஸ் விழித்துக்கொள்ளும். அப்புறம் ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களின் வரிசையில் செய்தி உட்கரு வரை போகும். அது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

பாடநூல் அவசரமாகத் தாண்டுவது காப்1 புரதத்தை. ஜிஆர்பி2வின் இன்னொரு எஸ்ஹெச்3 அதையும் பிடிக்கும். காப்1 மேல் பாஸ்பேட் ஏறினால் பிஐ3 கைனேஸ் என்ற என்சைம் வந்து ஒட்டும், அங்கிருந்து ஏகேடி என்ற புரதத்தின் பாதை, அதாவது செல் சாகாமல் பிழைத்திருப்பதற்கான பாதை. இரண்டு பாதைகளும் ஒரே வாலிலிருந்து கிளம்ப இப்படித்தான் வழி கிடைக்கிறது. என்னைக் கேட்டால், பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதே இங்கே முழு வேலை. எலிகளில் ஜிஆர்பி2 மரபணுவை முற்றிலும் நீக்கினால் கரு ஆரம்பத்திலேயே அழிந்துவிடுகிறது.

ராஸே பிறழ்ந்து எப்போதும் விழித்திருந்தால் மேலே ஏற்பியை அடைத்தும் பலனில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு, இஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாப் மருந்தைக் கொடுக்கும் முன் ராஸ் மரபணுவைச் சோதிப்பது அதனால்தான்.